நெரை முடியட்டும்

ஃபிளானல் போர்டு என்றாலே எனக்கு ஆகாது. துணி ஒட்டிய ஒரு பலகை. அதில் படங்களை ஒட்டியும் எடுத்தும் கதை சொல்ல வேண்டும். கொடைக்கானல் டவுனில் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்குக்கு ஒரு கதை, தடுப்பூசிக்கு ஒரு கதை, கொக்கிப்புழுவுக்கு ஒரு கதை என்று படங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கொக்கிப்புழுவுக்கு மீசை வேறு வைத்திருந்தார்கள். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம் அது. மதுரையிலிருந்து மாதத்தில் ஒரு புதன்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் மனநல டாக்டரம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மேல்மலைப் பொம்பளைங்க ஒருத்தர்கூட என்கிட்ட வர்றதில்ல. நீ ஊருக்குள்ள போ. பொண்ணுங்க மனசைப் பத்தி ஊரையே பேச வை," என்றார்.

ஊரையே பேச வைக்க வேண்டுமாம். பேசாத ஊர் ஒன்று இருந்தால் எனக்குக் காட்டுங்கள் என்று வாய் வரை வந்தது. முப்பத்தொரு வயதில் என் வாய் இன்னும் கொஞ்சம் நீளம். ஆனால் சம்பளம் கொடுக்கிற இடம். பலகையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேல்மலையில் கவுஞ்சி என்ற ஊரோடு பஸ் நின்றுவிடும். நான் போக வேண்டிய ஊருக்கு அதற்கப்பால் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பனிமூட்டத்தில் தலைமேல் பலகையோடு நான் நடந்து வந்ததைப் பார்த்து, யாரோ கதவை விலைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தார்களாம். இரண்டு நாள் கழித்துச் சொல்லிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, சாக்கு இருந்தது.

முதல் கூட்டத்துக்குப் பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். பால்பவுடர் கொடுப்பார்கள் என்று வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் கொத்துக்காரம்மா உட்கார்ந்திருந்தார். தோட்டங்களுக்குக் களையெடுக்க ஆள் சேர்த்து முன்னால் நின்று நடத்துகிறவருக்கு அங்கே கொத்துக்காரி என்று பெயர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஆண்களின் பழைய கோட்டு ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டிருப்பார். அவர் குரலைக் கேட்டால் எதிர்மலைச் சரிவில் மாடு திரும்பிப் பார்க்கும்.

நான் படத்தை ஒட்டினேன். தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

"ஒரு பொண்ணு இருந்தா," என்று ஆரம்பித்தேன். "அவளுக்குத் தூக்கம் வரல. சோறு எறங்கல. காரணமே இல்லாம கண்ணுல தண்ணியா வந்துச்சு. சுவத்தப் பாத்துப் படுத்தா, எந்திரிக்கவே தோணல. இது காத்து கருப்பு இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோவு. இதுக்கு மருந்து இருக்கு. இங்க அந்த மாதிரி யாராவது இருக்கீங்களா?"

பதினெட்டுப் பேரும் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். கடைசியில் கொத்துக்காரம்மா தொண்டையைச் செருமினார்.

"இங்க அப்படி யாரும் இல்லைங்க சிஸ்டர். நீங்க சாப்பிட்டீங்களா?"

கூட்டம் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் என் அறை வாசலில் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பூண்டுக் குழம்பு இருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு அவித்த முட்டை. நான் குளித்துவிட்டு வந்தால் யாரோ என் பாயை வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை வாங்கிக்கொண்டார்கள். "நல்லாத் தூங்குனீங்களா சிஸ்டர்?" என்று கேட்காத பெண் அந்த ஊரில் இல்லை. என்ன மரியாதையான ஊர் என்று எனக்கு ஒரே பூரிப்பு. நாலாம் நாள் ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, "எல்லாம் சரியாப் போயிரும் தாயி" என்றபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நேரே கொத்துக்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்புக்கு மேலே பரணில் புகையில் காய்ந்துகொண்டிருந்த பூண்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க நடக்குது இந்த ஊர்ல? எனக்கு என்ன சரியாப் போகணும்?"

"கோவப்படாதீங்க. நீங்கதான சொன்னீங்க, ஒருத்தி இருந்தா, அவளுக்குத் தூக்கம் வரலன்னு."

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் தன் கஷ்டத்தைத் தன்னுடையது என்று சொல்ல மாட்டாள். 'ஒருத்தி இருந்தா' என்றுதான் தொடங்குவாள். ஒருத்தியை மாமியார் பேசிவிட்டாளாம், ஒருத்தியை வீட்டுக்காரன் அடித்துவிட்டானாம், ஒருத்திக்கு ஆற்றுப் பக்கம் போகவே பயமாக இருக்கிறதாம். கேட்பவர்கள் யார் அவள் என்று கேட்கவே கூடாது. கேட்டால் அவளைப் போல் நாகரிகம் கெட்டவள் கிடையாது. 'அந்த ஒருத்திகிட்டச் சொல்லு' என்று தொடங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்னவள் மானம் சொன்னவளிடமே இருக்கும், விஷயம் மட்டும் ஊருக்குப் போய்விடும். இது எதுவும் தெரியாமல் நான் பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பேரைக் கூட்டி, பலகை வைத்து, படம் போட்டு என் துக்கத்தைச் சொல்லி அழுதிருக்கிறேன். அவர்கள் கணக்கில் விஷயம் அதுதான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது கதைங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று கத்தினேன்.

"எல்லாரும் அப்படித்தான் சிஸ்டர் சொல்றது. நாளைக்கு வெள்ளனே எங்ககூடக் களையெடுக்க வாங்க. நாலு பேரோட ஒக்காந்தா மனசு லேசாகும்."

பலகையை அறையின் மூலையில் சாத்தினேன். சரி, வேறு சோலியும் இல்லை, போய்த்தான் பார்ப்போமே என்று மறுநாள் போனேன்.

மலைச்சரிவில் படிப்படியாகப் பூண்டுத் தோட்டம். பயிர் ஒரு சாண் வளர்ந்திருந்தது. பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து ஆளுக்கொரு பட்டை நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பட்டைக்கு நெரை என்று பெயர். எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி, களையைப் பிடுங்கிக்கொண்டே நகர்ந்து, ஒன்றாகத்தான் எதிர்க்கரையைத் தொட வேண்டும். யாராவது பின்தங்கினால் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் கையை நீட்டி அவள் களையையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். பாதி நெரையில் எழுந்திருக்க மட்டும் கூடாது. எழுந்தால் பூண்டு பல் வைக்காதாம். குழந்தை அழுதாலும் கரை தொட்டபிறகுதான் போவார்கள். நெரை சின்னதுதான், அரை மணிக்கூறு ஆகாது.

நான் முதல் நெரையிலேயே பின்தங்கினேன். இடமும் வலமும் கைகள் வந்து என் களையைப் பிடுங்கிப் போட்டன. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஆனால் காதைத் திறந்து வைத்திருந்தேன். நெரை நெடுக ஒருத்திகளின் கதைதான். பேசுகிறவள் தலை குனிந்திருக்கும், கேட்கிறவள் தலையும் குனிந்திருக்கும், கைக்கு வேலை இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. டாக்டரம்மா மதுரையில் ஒரு அறை போட்டு, நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி என்ன செய்கிறாரோ அதைத்தான் இவர்கள் குத்தவைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். நான் என்னவோ ஊரைப் பேசவைக்க வந்தவளாம்.

அந்த வரிசையில் ஒருத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. இருபது, இருபத்தொரு வயதிருக்கும். சிறுபிள்ளையாகச் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்து, இங்கே ஊர் எல்லையில் தகர வீடுகளில் குடியிருந்த கூலிக் குடும்பங்களில் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காய்கறி லாரியில் லோடுமேன். மூன்று மாதக் கைக்குழந்தை தோட்டத்தோரத்து மரத்தில் தூளியில் கிடந்தது. நெரை முடிந்ததும் யாராவது ஓடிப்போய் அதைத் தூக்கிவந்து அவள் மாரில் வைப்பார்கள். பால் குடித்ததும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவளாக ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"காத்து பட்டுருச்சுங்கிறாங்க," என்றார் கொத்துக்காரம்மா மெதுவாக. அவரால் மெதுவாகவும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "திங்கக்கிழம புருஷங்காரன் லாரியில கீழ கூட்டிட்டுப் போறானாம். அங்க ஒரு எடத்துல சங்கிலி போட்டுக் கட்டிவைப்பாங்களாம். கனவுல உத்தரவு வர்ற வரைக்கும் அங்கனயே கெடக்கணும். புள்ளைய அவன் அண்ணன் பொண்டாட்டி வளக்குறாளாம்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை லாரி ஒட்டன்சத்திரத்துக்குப் போகும். டாக்டரம்மா வருகிற புதன்கிழமை அதற்கு இரண்டு நாள் கழித்து. அந்த மாதிரி இடங்களை நான் பார்த்திருக்கிறேன். தூணோடு கட்டிய பெண்களின் கணுக்காலையும் பார்த்திருக்கிறேன். சாயங்காலமே அவள் புருஷனைத் தேடிப் போய்ப் பிடித்தேன்.

"சங்கிலியில கட்டுறதுக்கு அவ என்ன மாடா?"

என் சாமர்த்தியம் அவ்வளவுதான். அவனும் சின்னப் பையன்தான், இருபத்தைந்துகூட இருக்காது. முகம் இறுகிவிட்டது.

"பெத்த புள்ளையத் தொட மாட்டேங்குறா சிஸ்டர். வாரத்துல நாலு நாள் நான் லாரியில கெடக்கேன். புள்ளைய எங்கயாச்சும் போட்டுட்டுப் போயிட்டாள்னா? நீங்க வந்து பாப்பீங்களா?"

டாக்டர், மாத்திரை, புதன்கிழமை என்று நான் அடுக்கினேன். கதவைச் சாத்திவிட்டான். விஷயம் தெரிந்ததும் கொத்துக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு ஒடம்பு பூரா வாய்தானா சிஸ்டர்? அவன் பயந்துபோய்க் கெடக்கான். பயந்தவன்கிட்டப் போய்ச் சண்டை போட்டா, திங்கக்கிழம கூட்டிட்டுப் போறவன் நாளைக்கே கெளம்பிருவான்."

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே இன்னும் கோபமாக வந்தது. ஆத்திரத்தோடு கவுஞ்சிக்கு நடந்துபோய், பஸ் கண்டக்டரிடம் டாக்டரம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை நீங்களே மேலே வாருங்கள் என்று எழுதினேன். வேண்டுகோள் மாதிரி இல்லை, கட்டளை மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை கொத்துக்காரம்மா அந்தப் பெண்ணை வரிசைக்கு நடுவில் உட்காரவைத்தார். ஒரு பக்கம் தான், மறுபக்கம் நான். கால் நெரை போனதும் ஆரம்பித்தார்.

"ஒருத்தி இருந்தா. மொதப் புள்ள பெத்தா. ஆச ஆசயாப் பெத்தா. பெத்தப்புறம் அதைப் பாத்தா யாரு வீட்டுப் புள்ளையோ மாதிரி இருந்துச்சாம். யாருகிட்டச் சொல்லுவா? ஆறு மாசம் அப்படியே இருந்தா."

யாரும் நிமிரவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கும் அப்படித்தான். புள்ள அழுதா எந்திரிச்சு ஓடிரணும்போல இருக்குமாம்."

அந்த நெரை முடிந்தது. அடுத்த நெரையிலும் பாதி போய்விட்டது. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அப்போதுதான் பக்கத்தில் ஒரு சன்னமான குரல் கேட்டது.

"ஒருத்தி இருக்கா அக்கா. அவளுக்குத் தன் கைய நம்ப ஏலாது. புள்ளையத் தூக்குனா கீழ போட்டுருவமோன்னு நடுக்கம் எடுக்கும். தேத்தண்ணி கெளாசுகூடப் பிடிக்க ஏலாது. அதான் தொடாம இருக்கா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதான்."

என் கையில் பூண்டுச் செடியே வந்துவிட்டது. பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அவளுக்குக் குழந்தைமேல் ஆசையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தன்னிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றத்தான் அவள் மூன்று மாதமாக அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்திருக்கிறாள்.

கொத்துக்காரம்மா ஒரு களையைக்கூடத் தவறவிடவில்லை. "அந்த ஒருத்திகிட்டச் சொல்லு, நின்னுக்கிட்டுத் தூக்க வேண்டாம். ஒக்காந்து மடியில வாங்கட்டும். ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு கை கொடுக்கட்டும். மடியில இருந்து புள்ள எங்க விழுந்துரும்?"

"அந்த ஒருத்திக்கு மருந்தும் இருக்கு," என்றேன் நான். "புதங்கிழம வருது." வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினேன்.

திங்கட்கிழமை நாங்கள் நெரை பிடித்த கொஞ்ச நேரத்தில் கீழே ரோட்டில் லாரி வந்து நின்றது. அவன் சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு கரைமேல் வந்து நின்றான்.

"ஏ, வா. லாரி கெளம்பப் போகுது."

அவள் கை நின்றது. கொத்துக்காரம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நெரை முடியட்டும்."

அவனும் அந்த ஊர்த் தோட்டங்களில் வளர்ந்தவன். பாதி நெரையில் யாரையும் எழுப்ப அவனுக்கே வாய் வராது. நின்றான். அரை மணிக்கூறுதானே என்று நினைத்திருப்பான்.

பிறகு நடந்தது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. பதினாறு பெண்கள், யாரும் யாருக்கும் கண்கூடக் காட்டவில்லை. ஒவ்வொரு களையாகப் பிடுங்கினார்கள். பிடுங்கி, மண்ணை உதறி, ஜாதகம் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் அடுக்கிவைத்தார்கள். எப்போதும் பின்தங்குகிறவளை இழுத்துக்கொண்டு ஓடுகிற வரிசை அன்றைக்கு மொத்தமாக அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. என் வாழ்நாளில் முதல் முறையாக நான் எல்லாருக்கும் முன்னால் இருந்தேன். கொத்துக்காரம்மா என் ஸ்வெட்டரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"அக்கா, கொஞ்சம் வெரசாப் போடுங்களேன்," என்றான் அவன்.

"வேர் அந்துரும்ப்பா."

லாரி ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. அப்போது பார்த்துத் தூளியில் குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு வீரிட்டு அழுகை. இப்போது நாங்கள் வசமாக மாட்டிக்கொண்டோம். எழுந்தால் நெரை போச்சு, அவள் லாரிக்குப் போக வேண்டும். எழாவிட்டால் குழந்தை அழும். நான் எழப்போனேன். ஸ்வெட்டரை விடவே இல்லை அந்த அம்மா. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தப் பெண் மண்ணைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் எழுந்து நிற்கிற ஆள் ஒருவன்தான். பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினான். அவனிடமும் அழுகை நிற்கவில்லை.

"இங்க கொண்டா," என்றார் கொத்துக்காரம்மா. "அவ ஒக்காந்துதான இருக்கா. மடியில போடு."

"அவ வாங்க மாட்டாக்கா."

"போடுப்பா."

பூண்டை மிதிக்காமல் கால் பார்த்துப் பார்த்து வந்து அவளுக்கு முன்னால் குனிந்தான். அவள் சேலை மடியை விரித்தாள். அவ்வளவுதான் செய்தாள். கை இரண்டும் பக்கத்தில் மண்ணோடு தொங்கின. குழந்தை மடிக்கு வந்ததும் ஒருபுறம் கொத்துக்காரம்மாவின் கையும் மறுபுறம் என் கையும் அடியில் போயின. குழந்தை அழுது ஓய்ந்து முகத்தைத் தேய்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, என் கைக்குமேல் சில்லென்று ஒரு கை வந்து உட்கார்ந்தது. அது நடுங்கத்தான் செய்தது. ஆனால் எடுக்கவில்லை.

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். லாரி மூன்றாவது தடவை ஹாரன் அடித்தது.

"புதங்கிழமயா டாக்டர்?" என்று என்னிடம் கேட்டான்.

"ஆமா தம்பி."

"வியாழக்கிழம மறுபடி லாரி இருக்கு," என்றான். துணிப்பையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

புதன்கிழமை டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஜீப்பில் வந்தார். மாத்திரை கொடுத்தார். வியாழக்கிழமை லாரி முட்டைக்கோசை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. மாத்திரை தின்ற மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. இரண்டு வாரம் இன்னும் மோசமாக இருந்தாள். அவள் எழுந்திருக்காத நாட்களில் இரண்டு பெண்கள் பூண்டு மூட்டையை அவள் வீட்டுக்கே தூக்கிப்போய் அங்கே உட்கார்ந்து சுத்தம் செய்தார்கள். சண்டை போட்டு முறைபோட்டுக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாதம் அவளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். அந்த ஊரிலிருந்து டாக்டரம்மாவைப் பார்க்க ஒருத்திகள் வரத் தொடங்கினார்கள். "எனக்கு இல்லைங்க, ஒருத்திக்கு" என்றுதான் டாக்டரம்மாவிடமும் பேச்சை எடுத்தார்கள். டாக்டரம்மா யார் என்று கேட்காமல் மாத்திரை எழுதக் கற்றுக்கொண்டார்.

"அந்த மொதல் கூட்டத்துல சொன்ன கதை நல்லாயிருக்கே, எந்தப் புத்தகத்துல எடுத்தே?" என்று என்னை ஒருமுறை கேட்டார். பயிற்சிப் புத்தகத்தில் என்றேன். பொய்தான்.

ஆஸ்பத்திரியில் என்னை வேறு ஊருக்கு மாற்றப் போவதாகச் சொன்ன வாரம், கடைசியாக ஒரு நாள் நெரை பிடிக்கப் போனேன். வழக்கம்போலப் பின்தங்கினேன். இடது பக்கமிருந்து ஒரு கை நீண்டு என் களையைப் பிடுங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண்தான். குழந்தை அவள் முதுகில் கட்டிய துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்க ஒருத்தி இப்ப நல்லாத் தூங்குறாளா சிஸ்டர்?" என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

எனக்கு ஒண்ணுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கைதான் களையைத் தேடிக்கொண்டிருந்தது, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பத் தூங்குறா," என்றேன்.

"அவளுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒண்ணு இருந்துச்சு. ஏழு மாசத்துல வயித்துலயே போயிருச்சு. அவ யாருகிட்டயும் சொல்லல."

வரிசையில் யார் கையும் நிற்கவில்லை. வலப்பக்கமிருந்தும் ஒரு கை வந்து என் நெரையில் புகுந்தது. முன்னாலிருந்து கொத்துக்காரம்மா திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"அந்த ஒருத்திகிட்டச் சொல்லுங்க சிஸ்டர், நெரை முடியட்டும். இன்னைக்கு எங்க வீட்டுலதான் சோறு."